மதுரையில் செடி, விதை, பதியன் பகிர்வு: முதல் கூட்டம் நடத்துபவர்களுக்கு

மாடியிலோ பால்கனியிலோ செடி வளர்க்கிறீர்கள். உங்களிடம் செம்பருத்தி நாலு நிறத்தில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் பன்னீர் ரோஜா இருக்கிறது. வில்லாபுரத்தில் இன்னொருவர் வெற்றிலைக் கொடியைத் தொட்டியிலேயே ஏற்றிவிட்டிருக்கிறார். எல்லாரும் ஒரு காலையில் ஓரிடத்தில் கூடி, காசு பேசாமல் மாற்றிக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆட்களைக் கூட்டுவது கடினமில்லை. இடம் கேட்டு அலைவதும், ஆசையாக வாங்கிப்போன செடி மறுவாரமே வாடிப்போவதும்தான் ஆளைச் சோர வைக்கும். அரசரடிப் பக்கம் நாங்கள் இதையெல்லாம் பட்டுத் தெளிந்திருக்கிறோம். நீங்கள் அந்தப் பாடு படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முழுக் கட்டுரைக்கும் அடிப்படை ஒன்றுதான். வேர் பிடித்த செடியை மட்டும் கொடுங்கள். அதைப் பற்றிய உண்மையையும் சேர்த்துக் கொடுங்கள். மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடுகள்.

1. பத்துப் பேரும் ஒரு நோட்டும்

முதல் கூட்டத்துக்கு ஊரையே அழைக்காதீர்கள். பத்துப் பதினைந்து பேர் போதும். தெரு, அடுக்குமாடி, அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி என்று தேடினாலே அத்தனை பேர் கிடைத்துவிடுவார்கள். வாசலில் தொட்டி வைத்திருக்கும் வீட்டில் நின்று, "அக்கா, இந்த நந்தியாவட்டை அடுக்கா ஒத்தையா?" என்று கேட்டாலே போதும், பேச்சு தானாக ஓடும்.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். கொடுக்கக்கூடிய செடிகள், தேவைப்படும் செடிகள், வீட்டில் வெயில் விழும் நேரம், தண்ணீர் மாநகராட்சிக் குழாயா போரா என்ற நான்கையும் கேட்டு எழுதுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம்மூரில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிற வீட்டுக்கு, நல்ல தண்ணீரில் வளர்ந்த மென்மையான பெரணியைக் கொடுத்தால் இலைநுனி கருகித்தான் போகும். அந்த வீட்டுக்குக் காகிதப்பூவும் சோற்றுக்கற்றாழையும் அடீனியமும்தான் சரி.

வயதானவர்களைத் தேடிப் போய் அழையுங்கள். முளைப்பாரி வளர்த்துப் பழகிய அம்மாக்களுக்கு விதை முளைக்க எவ்வளவு ஈரம், எவ்வளவு இருட்டு வேண்டும் என்று விரல்நுனியிலேயே தெரியும். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

2. தேதி: ஆடிக் கடைசி அல்லது தைக் கடைசி

சித்திரையும் வைகாசியும் வேண்டவே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் புதுச்செடி இடம் மாறினால் பிழைக்காது. சித்திரைத் திருவிழாச் சமயத்தில் ஊருக்குள் செடித் தொட்டியோடு நகரவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளிக் கூட்டம் நனைந்துபோகும், அப்போது எடுத்த விதையும் காயாது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதால் விதைப் பகிர்வுக்கு ஆடியே சரி. இன்னொரு வசதியும் உண்டு. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் சிறிய மண்டபங்கள் சும்மா கிடக்கும். பேசிப் பார்த்தால் வாடகை குறையும், துப்புரவுச் செலவுக்கு மட்டும் தருபவர்களும் உண்டு. ஆனால் ஆடிக்காற்று கடுமையாக அடிக்கும், மொட்டைமாடியில் வைக்காதீர்கள்.

தை மாதம் நட்டு வளர்க்கும் செடிகளுக்கு ஏற்றது. குளிர் குறையத் தொடங்கும், வெயில் ஏற இன்னும் நாள் இருக்கும். வாங்கிப்போகும் செடி பங்குனிக்குள் நன்றாக ஊன்றிக்கொள்ளும்.

ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை. ஒன்பதரைக்கு மேல் இழுத்தால் செடியும் வாடும், மனிதரும் வாடுவார்கள். தேதி குறிக்கும் முன் முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பாருங்கள். தை முகூர்த்தத்தில் பாதிப்பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள்.

3. இடமும் கடிதமும்

எளிதான இடத்திலிருந்து தொடங்குங்கள். யாராவது ஒருவர் வீட்டுக் கார் நிறுத்துமிடம், அடுத்தது அடுக்குமாடியின் பொதுக்கூடம், அதற்கடுத்தது சிறு மண்டபம் அல்லது பள்ளி. பூங்கா கடைசி. பூங்காவில் நிழலும் தண்ணீரும் உண்டு, ஆனால் அனுமதி வாங்க நாளாகும்.

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள், 5 மண்டலங்கள். பூங்கா எந்த வார்டில் வருகிறதோ அந்த மண்டல அலுவலகத்தில் கேட்பதுதான் முறை. உங்கள் வீடு இருக்கும் மண்டலத்தில் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் கடிதத்தை மேசைக்கு மேசை அனுப்பி வைத்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு விவரம் புதிதாகக் கேட்டார்கள். முதலிலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

கடிதத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர் வருவார்கள், விற்பனை கிடையாது என்ற உறுதி, ஒலிபெருக்கி கிடையாது என்ற உறுதி, சமையல் கிடையாது என்ற உறுதி, முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்து தருவோம் என்ற வாக்கு, பொறுப்பாளர் இருவரின் பெயர், முகவரி, கைபேசி எண். இருவரின் ஆதார் நகலையும் கையெழுத்திட்டு இணையுங்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதத்துக்குச் சமம். கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே கொடுங்கள். கட்டணம் உண்டென்றால் ரசீது கேளுங்கள், ரசீது இல்லாமல் யாருக்கும் பணம் தரவேண்டாம்.

ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும். முப்பது பேரே வந்தாலும் மைக் எதற்கு? விட்டுவிடுங்கள். பள்ளி என்றால் தலைமையாசிரியருக்கும், அடுக்குமாடி என்றால் சங்கச் செயலாளருக்கும் அதே கடிதம் போதும். அடுக்குமாடியில் மண் சிந்துவதைத்தான் முக்கியமாக எதிர்ப்பார்கள். பழைய தார்ப்பாய் விரிக்கிறோம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

4. ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்கவேண்டிய வேலை

கூட்டத்தன்று காலையில் நாலு குச்சி ஒடித்து ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவருவதுதான் பெரும்பாலானவர்களின் பழக்கம். அதைத் தொடக்கத்திலேயே நிறுத்துங்கள். புதியவர் கையில் அந்தக் குச்சி பிழைக்காது. "என் கைக்கு ராசியில்லை" என்று அவர் செடி வளர்ப்பதையே விட்டுவிடக்கூடும். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

ஊன்றும் கலவைக்குத் தென்னைநார்க் கழிவு நல்லது. ஆனால் கட்டியை அப்படியே உதிர்த்துப் போடாதீர்கள். அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். ஊறவைத்து, பழுப்பு நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அதோடு செம்மண்ணும் கொஞ்சம் மண்புழு உரமும் சேர்த்தால் போதும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்து ஆட்கள் கரிசலைத் தொட்டிக்கு அப்படியே போடவேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும். தொட்டியில் ஊன்றும் போத்துக்கு, அதாவது வேர்பிடிக்க வெட்டி நடும் தண்டுத்துண்டுக்கு, இரண்டும் ஆகாது.

புதுத்தொட்டி வாங்கத் தேவையில்லை. பால் பாக்கெட்டைக் கழுவி அடியில் இரண்டு மூலையையும் வெட்டிவிட்டால் கன்றுப் பை தயார். தேங்காய்ச் சிரட்டை, தயிர் டப்பா எல்லாம் உதவும்.

இனி செடிவாரியாக.

செம்பருத்தி: பென்சில் கனத்தில், 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டுங்கள். கீழிலைகளை நீக்கி இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தண்டிலிருக்கும் சத்திலேயே முதல் துளிர் வரும். ஆறு வாரம் பொறுத்து, லேசாக இழுத்துப் பார்த்து, பிடிப்பு இருந்தால்தான் பட்டியலில் சேருங்கள்.

மதுரை மல்லி: 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பூ. கூட்டத்தில் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். தோட்டத்து மல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்வார்கள். வெட்டிய கிளைகளைக் குப்பையில் போடாமல், அதிக முற்றலும் இளசும் இல்லாத தண்டாகப் பொறுக்கி ஊன்றுங்கள். இரண்டு மாதமாவது ஆகும், அவசரம் ஆகாது. பதியன் இன்னும் நம்பிக்கையானது. தாழ்ந்த கிளையை வளைத்து, கணுவருகே லேசாகக் கீறி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு செங்கல் வையுங்கள். மூன்று மாதம் கழித்துத் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரிக்கலாம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் நாற்றுப்பண்ணையில் வாங்கலாம். மதுரை மல்லிக் கன்றுகள் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் பெருமளவில் வருகின்றன.

மணிபிளாண்ட்: கணுவும் காற்றுவேர் முண்டும் இருக்கிற துண்டாக வேண்டும். இலையை மட்டும் தண்ணீரில் வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், கொடி வராது. இதில் ஏமாந்து கேட்பவர்கள் ஏராளம்.

பாம்புக் கற்றாழை, அதாவது ஸ்நேக் பிளாண்ட்: மஞ்சள் விளிம்பு உள்ள வகையை இலைத்துண்டு வைத்து வளர்த்தால் புதுக்கன்றில் மஞ்சள் போய்விடும், வெறும் பச்சைதான் வரும். விளிம்பு வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் கொடுக்கவேண்டும். இலையில் வளர்த்ததை மஞ்சள் விளிம்பு வகை என்று எழுதிக் கொடுத்தால் வாங்கியவர் மனது நோகும்.

சீசீ (ZZ) பிளாண்ட்: இலையிலிருந்து வரும், ஆனால் பல மாதம் ஆகும். ஆறு வாரத்தில் ஆகிற காரியம் இல்லை. கிழங்கைப் பிரியுங்கள்.

வெற்றிலை: சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியை வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் பலர். மூன்று நான்கு கணு உள்ள துண்டை ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் ஊன்றினால் வரும். நேர் வெயில் கூடாது.

கறிவேப்பிலை: தாய்மரத்தடியில் கிளம்பும் பக்கக்கன்றைத் தனி வேர் இருந்தால் மட்டும் எடுங்கள். விதையென்றால் பழம் பறித்த சில நாளுக்குள் போடவேண்டும். காயவைத்துச் சேமித்த கறிவேப்பிலை விதையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதில் பயனில்லை.

அடீனியம்: விதையில் வந்தது தாய்ப்பூவின் நிறத்திலேயே பூக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். போத்தில் வளர்த்தால் பூ அதே நிறம், ஆனால் அடித்தண்டு அவ்வளவு அழகாகப் பருக்காது.

கற்பூரவள்ளி, டேபிள் ரோஸ், பொன்னாங்கண்ணி மூன்றும் மிக எளிது, இரண்டு வாரமே போதும். புதியவர்களுக்கென்றே இவற்றை நிறையத் தயார் செய்து வையுங்கள்.

விதைக்குச் சில வார்த்தைகள். வீரிய ஒட்டு ரகக் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் நம்பலாம். பூசணி, சுரை வகைகள் பக்கத்துக் கொடியோடு கலந்துவிடும். கலந்திருக்கலாம் என்றால் அதையும் பொட்டலத்தில் எழுதுங்கள். பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகித உறையில் போட்டு, எடுத்த மாதத்தைக் குறியுங்கள்.

5. பூச்சியைப் பரிமாறாதீர்கள்

பகிர்வுக் கூட்டத்தின் பெரிய ஆபத்து மாவுப்பூச்சிதான். ஒரே ஒரு செம்பருத்தியில் ஒட்டிவந்து பத்து வீட்டு மாடிக்கும் பரவிவிடும். வெள்ளை ஈயும் அப்படியே.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு கொடுக்கவிருக்கும் செடிகளைத் தனியே ஒதுக்குங்கள். இலையின் அடிப்புறம், கணு இடுக்கு, தொட்டியின் கீழ் விளிம்பு மூன்றையும் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள், வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. வெயிலில் தெளித்தால் இலை கருகும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அந்தச் செடியையும் மண்ணையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வாசலிலேயே ஒருவர் நின்று ஒவ்வொரு செடியையும் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விடவேண்டும். பெரியவர்கள் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பச் சங்கடமாக இருக்கும். "அம்மா, இதை இன்னும் ரெண்டு வாரம் வீட்டில் வச்சுக் குணமாக்கிக் கொண்டுவாங்க" என்று சொன்னால் யாரும் வருத்தப்படமாட்டார்கள். வாங்கிப்போகிறவரும் வீட்டில் இரண்டு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வைக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

6. பட்டியலில் சேர்க்கக் கூடாதவை

ஆகாயத்தாமரை. பூ அழகாக இருக்கிறதென்று தொட்டியில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு துண்டு வாய்க்காலில் போனால் கண்மாயை மூடிவிடும். வைகையில் அது செய்வதைப் பார்த்தவர்கள் இதைக் கையால் தொடமாட்டார்கள். உண்ணிச்செடியும் வேண்டாம்.

அழகர்மலையிலோ சிறுமலையிலோ போய் வந்தபோது எடுத்த காட்டுச்செடிகளும் வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். மலையிலிருந்து கீழே கொண்டுவந்த ஆர்க்கிட் நம் வெயிலுக்குத் தாங்குவதும் இல்லை.

அரளி, அடீனியம், டிஃபன்பேக்கியா கொடுக்கலாம், ஆனால் எச்சரித்துக் கொடுங்கள். முதல் இரண்டின் பாலும் நஞ்சு. டிஃபன்பேக்கியா இலையைக் குழந்தை கடித்தால் வாய், நாக்கு எரிந்து வீங்கும். வாங்குபவர் வீட்டில் தவழும் பிள்ளையோ நாயோ பூனையோ உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

7. பெயர்ச்சீட்டு

ஐஸ் குச்சியோ, பழைய பிளாஸ்டிக் டப்பாவை வெட்டிய பட்டையோ போதும். பென்சிலால் எழுதினால் மழையில் அழியாது, சாதாரணப் பேனா ஒரே வாரத்தில் மங்கிவிடும். பெயர், ஊன்றிய தேதி, வெயிலா நிழலா, எத்தனை நாளுக்கொருமுறை தண்ணீர், கொடுத்தவர் பெயர். பெயர் தெரியாத செடிக்குப் பெயரைக் கற்பனை செய்யாதீர்கள். "சிவப்புக் குரோட்டன்ஸ், நீள இலை" என்று கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்.

8. அன்றைய காலை

ஆறரைக்குப் பொறுப்பாளர்கள், ஏழுக்கு மற்றவர்கள். கொண்டுவரும் ஒரு செடிக்கு ஒரு டோக்கன், மூன்று விதைப் பொட்டலத்துக்கு ஒரு டோக்கன். கொண்டுவர எதுவும் இல்லாத புதியவருக்கும் இரண்டு டோக்கன் இலவசம். அவர்கள்தான் முதலில் தேர்ந்தெடுக்கவேண்டும். அனுபவசாலிகள் காத்திருக்கட்டும்.

விலையை வைத்துச் செடியை எடைபோட்டுப் பேசவிடாதீர்கள். மான்ஸ்டெரா கொண்டுவந்தவர், "இது நர்சரியில் ஐந்நூறு ரூபாய், இதற்குத் துளசியா?" என்று கேட்பார். அப்படி அரிதானவற்றைத் தனி மேசையில் வைத்துக் குலுக்கல் போடுங்கள், விருப்பமில்லாதவர் திரும்ப எடுத்துச் செல்லலாம்.

யாராவது விற்க வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். இடம் கேட்ட கடிதத்தில் விற்பனை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விதையைக் காசுக்கு விற்க, 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமமும் வேண்டும்.

எல்லாரையும் மஞ்சப்பையோ கூடையோ கொண்டுவரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கைப்பை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. டூவீலரில் போகிறவர்கள் செடியை நியூஸ் பேப்பரில் சுருட்டிக் கட்டவேண்டும். ஒத்தக்கடையிலிருந்து காளவாசல் போய்ச் சேர்வதற்குள் காற்றே இலையைக் காய்ச்சிவிடும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு வாளிதான் வசதி, தொட்டி சாயாமல் நிற்கும்.

9. செலவு

முப்பது பேர் கூட்டத்துக்கு எங்களுக்கு ஆகும் கணக்கு சுமாராக இப்படி. டீயும் சுண்டலும் 900 ரூபாய், சீட்டு, பென்சில், காகித உறை 150, வேப்பெண்ணெய் 100, துப்புரவு செய்யும் அக்காவுக்கு 300. ஆக 1,500 ரூபாய்க்குள் முடியும். இட வாடகை இருந்தால் தனி. நுழைவுக் கட்டணம் வைக்காதீர்கள், விருப்பமுள்ளவர் போட ஒரு டப்பா வையுங்கள். அன்றே எல்லார் முன்னாலும் எண்ணி, நோட்டில் எழுதி, கணக்கைப் படியுங்கள். பணம் சிறிதுதான், ஆனால் படிக்காத கணக்கால் நின்றுபோன குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

10. அரசிடம் கிடைப்பது

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தளை (கிட்) கொடுக்கும் ஆண்டுகளில் அதைத் தவறவிடாதீர்கள். வளர்ப்புப் பைகள், தென்னைநார்க் கட்டி, காய்கறி விதைகள், உயிர் உரங்கள் அதில் வரும். விலையும் மானியமும் மாறக்கூடியவை, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஆதார் நகல் கையில் இருக்கட்டும். இருப்பு சீக்கிரம் தீரும் என்பதால் அறிவிப்பு வந்த வாரத்திலேயே பதியவேண்டும்.

பழக்கன்றுகள் தேவையென்றால் பூஞ்சுத்தியில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. நோய் பிடிபடாமல் திணறும்போது, ஒத்தக்கடை யானைமலை அடிவாரத்து வேளாண் கல்லூரிக்குப் பாதித்த இலையை, அடிப்புறம் தெரியும் புகைப்படத்தோடு எடுத்துப் போங்கள். வாடிய இலையை வாயால் வர்ணிப்பதில் பயனில்லை.

11. கூட்டம் முடிந்த பிறகு

வாட்ஸ்அப் குழு தொடங்குவீர்கள். காலை வணக்கப் படங்கள் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் செடிக்கேள்வி அடியில் புதைந்துபோகும். உதவி கேட்பவர் இலையின் முன்புறம், பின்புறம், தொட்டியின் மண் என்று மூன்று படம் போடவேண்டும்.

ஒரு மாதம் கழித்து எல்லாரிடமும் ஒரே கேள்வி: வாங்கிப்போனது உயிரோடு இருக்கிறதா? பதிலை நோட்டில் அந்தந்தச் செடிக்கு நேரே குறியுங்கள். எந்தச் செடி எந்த வீட்டில் நிற்கிறது என்ற கணக்கு அப்படியே உருவாகிவிடும். கோடையில் உங்கள் அடுக்கு நந்தியாவட்டை காய்ந்துபோனாலும் அதன் கன்று நிற்கும் வீட்டைத் தேடிப் போய் ஒரு போத்து கேட்கலாம். வெளியூரில் இருப்பவர்கள் தபாலில் கேட்பார்கள். போத்தின் அடியை ஈரக் காகிதத்தில் சுற்றி, மேலே காய்ந்த காகிதம் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்துத் திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்டில் போடுங்கள். வெள்ளி, சனியில் போட்டால் ஞாயிறு முழுக்க அலுவலகத்தில் வெந்துகிடக்கும்.

அடுத்த கூட்டத்தின் தேதியையும் இடத்தையும் இந்தக் கூட்டம் கலைவதற்குள்ளேயே முடிவு செய்து, கடிதம் எழுதும் பொறுப்பை இரண்டு புது ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். தைக் கூட்டம் என்றால் மல்லிப் பதியனை ஐப்பசியிலேயே மண்ணுக்குள் வைத்தாக வேண்டும்.